பொது வடிவமும் பொதுச் சம்மதமும்

கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசல் மண்ணில் பிறந்தவர்களுக்குத் தீப்பெட்டியைப் பற்றி எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. வானம் பார்த்த பூமியில் பருத்தியும் உளுந்தும் கைவிட்ட ஆண்டுகளில் பல குடும்பங்களுக்குக் கஞ்சி வார்த்தது அந்தத் தொழில்தான். அத்தொழிலில் நாம் அன்றாடம் கண்டும் எண்ணிப் பாராத செய்தி ஒன்று உண்டு. தீப்பெட்டியின் மேல் ஒட்டும் லேபிள்கள் எத்தனையோ வகை. ஒன்றில் பறவை, ஒன்றில் விலங்கு, மற்றொன்றில் பூ. ஆனால் லேபிள் எதுவானாலும், ஒரு வகைப் பெட்டியின் நீள அகலமும் குச்சியின் அளவும் ஏறத்தாழ ஒன்றே. ஆதலால்தான் ஒரு கம்பெனிக்குப் பெட்டி ஒட்டிப் பழகிய கை, மறு கம்பெனிக்கும் தடுமாறாமல் ஒட்ட முடிந்தது. முகம் பல, உடல் ஒன்று.

இந்த எளிய ஏற்பாட்டுக்கு இன்றைய பெரிய நிறுவனங்கள் வைத்துள்ள பெயர் 'டிசைன் சிஸ்டம்'. தமிழில் 'பொது வடிவ முறை' எனலாம். நம்மில் பலர் நாளை சென்னைக்கும் பெங்களூருக்கும் சென்று அத்தகைய நிறுவனங்களில் அமரப் போகிறவர்கள். அங்கே இந்தச் சொல் முதல் நாளே காதில் விழும். அது என்ன, அது ஏன் ஓரிடத்தில் வெல்கிறது, ஏன் வேறிடத்தில் ஏட்டுச் சுரைக்காயாகிறது என்பதைச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொது வடிவ முறை என்பது யாது?

ஒரு பெரிய வங்கியை எடுத்துக்கொள்வோம். அதன் கைப்பேசிச் செயலியை ஒரு குழு எழுதுகிறது. இணையதளத்தை மற்றொரு குழு. கடன் விண்ணப்பத்தை மூன்றாவது குழு. ஒரு குழுவின் பொத்தான் பச்சை. மற்றதன் பொத்தான் நீலம். ஓரிடத்தில் 'அனுப்பு' என்றிருக்கும். வேறிடத்தில் 'சமர்ப்பி' என்றிருக்கும். ஒரு பக்கத்தில் தேதியை நாள், மாதம், ஆண்டு என்று கேட்பார்கள். மறு பக்கத்தில் மாதத்தை முதலில் கேட்பார்கள். வங்கி ஒன்றுதான். ஆனால் அதைப் பயன்படுத்துகிறவருக்கு மூன்று வங்கிகளின் வாசலில் நிற்பது போன்ற மயக்கம்.

இந்த மயக்கம் படித்த இளைஞனுக்குச் சிறு எரிச்சல், அவ்வளவே. பயிர்க் காப்பீட்டுத் தொகை வந்ததா என்று பேரனின் கைப்பேசியில் பார்க்கும் முதியவருக்கோ அது பயம். தவறான பொத்தானைத் தொட்டால் பணம் போய்விடுமோ என்று அஞ்சுகிறவரிடம் வடிவத்தின் ஒருமை வெறும் அழகுப் பொருள் அன்று, அது நம்பிக்கை.

ஆகவே நிறுவனங்கள் பொத்தான், கட்டம், எழுத்துரு, வண்ணம், எச்சரிக்கை வாசகம் ஆகியவற்றை ஒருமுறை நன்றாக ஆராய்ந்து செய்து, பொதுக் களஞ்சியமாக வைக்கின்றன. அவற்றை எப்போது பயன்படுத்துவது, எப்போது கூடாது என்ற விதிகளையும் உடன் எழுதுகின்றன. 2014ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் 'மெட்டீரியல் டிசைன்' என்ற முறையை வெளியிட்டது. 2018இல் பிரிட்டன் அரசு தன் துறைகள் அனைத்துக்குமான பொது முறையை வெளியிட்டது. நம் நாட்டிலும் அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009 முதல் இருந்து வருகின்றன.

களஞ்சியம் கட்டுவது எளிது. திறமையான பத்துப் பேர் சில மாதங்கள் உட்கார்ந்தால் கட்டிவிடலாம். அதை ஆயிரம் பேரைப் பயன்படுத்தச் செய்வதுதான் அரிது. இங்கேதான் நம் தமிழ்நாட்டின் வரலாறே நமக்குச் சிறந்த ஆசிரியராக வந்து நிற்கிறது.

எழுத்துச் சீர்திருத்தம் தரும் பாடம்

தமிழ் எழுத்துகளும் ஒரு வடிவ முறையே அன்றோ? ககரத்தோடு ஒரு காலைச் சேர்த்தால் 'கா'. தகரத்தோடு சேர்த்தால் 'தா'. ஒரே உறுப்பு, பல இடங்களில் பயன்படுகிறது. ஆனால் முற்காலத்தில் இந்த ஒழுங்குக்குச் சில விலக்குகள் இருந்தன. ணா, றா, னா ஆகிய மூன்றுக்கும் கால் தனியே நிற்காமல் எழுத்தோடு சேர்ந்து சுழியும். ணை, லை, ளை, னை ஆகிய நான்கிலும் ஐகாரக் குறி யானைத் துதிக்கை போல எழுத்தின் மேலேறி வளையும். ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆகிய ஆறும் அந்தச் சுழியையே பின்பற்றும். ஆக, பதின்மூன்று விலக்குகள். குழந்தை இவற்றைத் தனியே மனப்பாடம் செய்ய வேண்டும். அச்சுக் கோப்பவர் இவற்றுக்கெனத் தனி அச்சுகளைத் தம் பெட்டியில் வைத்திருக்க வேண்டும்.

பெரியார் 1935ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தம் 'குடி அரசு' இதழில் இந்த விலக்குகளை நீக்கி, ஏற்கெனவே உள்ள காலையும் ஐகாரக் கொம்பையுமே எல்லாவற்றுக்கும் பயன்படுத்தி அச்சிடத் தொடங்கினார். அவர் புதிய உறுப்பு எதையும் படைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இருந்த உறுப்புகளை எல்லா இடத்துக்கும் பொதுவாக்கினார். இன்றைய வடிவமைப்பாளர்கள் பெரிய சொற்களால் சொல்லும் கொள்கை இதுவேயாகும்.

அந்த முறை அரசின் ஏற்பைப் பெற நாற்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின. 1978ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள், பெரியாரின் நூற்றாண்டை ஒட்டி, எம்.ஜி.ஆர். தலைமையிலான அரசு ஆணை பிறப்பித்தது. பாடநூல்கள் மாறின, அரசு அலுவலகங்கள் மாறின, பின்னர் நாளிதழ்களும் வார இதழ்களும் மாறின. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தமிழர்கள் அதையே ஏற்றனர். இன்று பழைய 'லை'யை எழுதச் சொன்னால் நம் வகுப்பில் எத்தனை பேரால் எழுத முடியும்?

இது ஆணையின் வெற்றி என்று சிலர் சொல்வர். முழு உண்மை அதுவன்று. அதே சீர்திருத்தத்தில் ஐகாரத்துக்கு மாறாக 'அய்' என்றும், ஔகாரத்துக்கு மாறாக 'அவ்' என்றும் எழுதும் கருத்தும் இருந்தது. அதை 1978இன் ஆணை ஏற்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நிறைவேற்ற முயன்றிருந்தால் முழுவதுமே வாதத்தில் சிக்கியிருக்கலாம். எது எளிதில் ஏற்கப்படுமோ அதை எடுத்துக்கொண்டு, எது பிணக்கை வளர்க்குமோ அதை ஒதுக்கி வைத்ததும் ஒரு நிர்வாக ஞானமே.

இதனினும் முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இந்த மாற்றத்தின் சுமை எவர் தோளிலும் பெரிதாக விழவில்லை. பழைய வடிவம் கற்றவர் புதிய வடிவத்தைக் கண்டால், அதைப் படிக்கத் தனியே கற்க வேண்டியதில்லை. 'கா' அறிந்தவருக்கு 'னா' தானே விளங்கும். பழைய புத்தகங்களை எவரும் எரிக்கச் சொல்லவில்லை. பழைய முறையில் கடிதம் எழுதிய பெரியவர்களை எவரும் தண்டிக்கவில்லை. அச்சுக் கோப்பவருக்கு வேலை குறைந்தது. குழந்தைக்குப் பாடம் குறைந்தது. மாறுகிறவருக்கே ஆதாயம் கிடைத்தது. அதனால் மாற்றம் வேர்விட்டது.

விசைப்பலகை தரும் பாடம்

இனி இதன் மறுபக்கத்தைப் பார்ப்போம். 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் 'தமிழிணையம் 99' மாநாடு நடைபெற்றது. அக்காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனத் தனி எழுத்துரு, தனிக் குறியீடு வைத்திருந்தது. ஒருவர் அனுப்பிய தமிழ் மற்றவர் கணினியில் புரியாத குறிகளாய் விரியும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க எழுந்த முயற்சியில், 'தமிழ்99' என்ற விசைப்பலகை அமைப்பை அரசு அவ்வாண்டிலேயே ஏற்றது.

அது மிக நேர்த்தியான அமைப்பு என்பதில் ஐயமில்லை. உயிரெழுத்துகள் இடப்புறம், மெய்கள் வலப்புறம். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். தமிழின் இயல்பறிந்து செய்யப்பட்டது. ஆனால் எழுத்துச் சீர்திருத்தம் போல அது எல்லார் கையிலும் ஏறியதா? இல்லை. அதைப் போற்றுவோர் பலர் இருந்தாலும், பழைய தட்டச்சு முறை இன்றும் வாழ்கிறது. கைப்பேசியிலோ, ஆங்கில எழுத்துகளில் ஒலியைத் தட்டித் தமிழாக்கும் முறையே பலருக்குக் கைவந்ததாய் இருக்கிறது.

காரணம் என்ன? தட்டச்சுப் பயிலகத்தில் மாதக்கணக்காய்ப் பழகி, அரசுத் தேர்வில் தேறி, அந்தச் சான்றிதழாலேயே வேலை பெற்றவரை நினைத்துப் பாருங்கள். ஒற்றைக் கொம்பை முதலில் தட்டி, மெய்யைப் பிறகு தட்ட அவர் விரல்கள் பழகிவிட்டன. புதிய அமைப்பு அவரிடம் என்ன சொல்கிறது? 'நீ கற்றதை மறந்துவிடு; சில மாதங்கள் வேகம் குறைந்து தவி; ஆதாயம் உனக்குப் பின் வருகிறவனுக்கு' என்கிறது. மாற்றத்தின் விலையை அவர் கொடுக்க வேண்டும். பலனை வேறொருவர் பெறுவார். இந்நிலையில் அவர் தயங்குவது சோம்பலும் அன்று, பிடிவாதமும் அன்று, இயற்கையே.

2010இல் அரசு, யூனிகோடு உள்ளிட்ட பொதுக் குறியீட்டு முறைகளை ஏற்று ஆணையிட்டது. அதன் பிறகும் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து, பிறகு மாற்றிக் கொடுக்கும் அச்சகங்கள் உண்டு. அவர்களிடம் பல ஆண்டுக் கோப்புகள் பழைய குறியீட்டில் கிடக்கின்றன. மாற்றுவதற்கான நேரத்தையும் கூலியையும் யார் கொடுப்பது?

இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் என் கருத்து விளங்கும். ஒரு பொது முறை ஏற்கப்படுவது அதன் அழகால் மட்டும் அன்று. ஆணையால் மட்டும் அன்று. மாறுவதன் சுமை யார் தோளில் விழுகிறது என்பதைப் பொறுத்தே அது வாழும் அல்லது வாடும்.

மேலிருந்து வந்ததன் கதி

ஆணையும் அழகும் சேர்ந்தும் தோற்ற கதைக்கு வெளிநாட்டுச் சான்று ஒன்று போதும். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 1975ஆம் ஆண்டில் புதிய சின்னத்தையும், அதைத் தாளிலும் வாகனத்திலும் எப்படி இடுவது என்பதற்கான விரிவான கையேட்டையும் மேற்கொண்டது. நெளிந்தோடும் சிவப்பு எழுத்துகளாலான அந்தச் சின்னத்தை வடிவமைப்பாளர்கள் இன்றும் போற்றுகின்றனர். ஆனால் நிறுவனத்துக்குள் பலருக்குப் பழைய நீல வட்டச் சின்னத்தின் மேல்தான் பாசம். நிலவுக்கு மனிதனை அனுப்பிய காலத்தின் நினைவு அதில் இருந்தது. 1992இல் புதிய தலைமை வந்ததும் பழைய சின்னமே திரும்பி வந்தது. பதினேழு ஆண்டு நடைமுறையும் உள்ளங்களை மாற்றவில்லை. சிவப்புச் சின்னம் மீண்டும் ஒரு ராக்கெட்டின் மேல் ஏறியது 2020இல். அப்போதும் நீல வட்டத்தை அகற்றாமல், அதற்குத் துணையாகவே வந்தது.

நிறுவனங்கள் செய்ய வேண்டுவன

அப்படியானால் பெரிய நிறுவனங்கள் என்ன செய்ய வேண்டும்? எனக்குத் தோன்றுபவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

முதலாவது, முறையை வகுப்பவர்கள் அதைத் தம் சொந்த வேலையில் முதலில் பயன்படுத்திக் காட்ட வேண்டும். எழுத்துச் சீர்திருத்தம் வெறும் அறிக்கையாக இருந்திருந்தால் அலமாரியில் தூங்கியிருக்கும். இதழில் வாரந்தோறும் அச்சாகி வந்ததால், 'இதுவும் படிக்க முடிகிறதே' என்று நாடு கண்டது.

இரண்டாவது, மாற்றும் வேலையை நிறுவனமே ஏற்க வேண்டும். 'இனிமேல் எல்லாரும் புதிய பொத்தானையே பயன்படுத்துக' என்று சுற்றறிக்கை அனுப்புவது எளிது. அந்தக் குழுவுக்கு அந்த மாதத்தில் வேறு நூறு வேலைகள் இருக்கும். மாற்றித் தர ஆட்களை அனுப்புவதும், மாற்றும் காலத்துக்கு மற்ற வேலைகளின் கெடுவைத் தளர்த்துவதும்தான் உண்மையான ஊக்கம்.

மூன்றாவது, பழையதும் புதியதும் சேர்ந்து வாழ ஒரு காலம் வேண்டும். 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ரூபாய்க்கு நூறு காசு என்ற தசம முறை வந்தபோது, அந்தக் காசுக்கு 'நயா பைசா' என்று பெயரிட்டார்கள். பழைய பைசா ரூபாய்க்கு அறுபத்து நான்கு. குழப்பம் வராமல் இருக்கவே 'நயா' என்ற அடைமொழி. 1964இல் மக்கள் பழகிவிட்ட பின்பே அந்த அடைமொழி நீங்கியது. எட்டணா ஐம்பது காசாகவும் நாலணா இருபத்தைந்து காசாகவும் சரியாகப் பொருந்தியதும் பெரிய வசதி. புதியதற்குள் பழையது கால்வைக்க இடம் கொடுத்தார்கள்.

நான்காவது, பயன்படுத்துகிறவர்களுக்கு அதைத் திருத்தும் உரிமை வேண்டும். பிரிட்டன் அரசின் முறையில் எந்தத் துறைப் பணியாளரும் புதிய உறுப்பை முன்மொழியலாம். தம் அனுபவத்தை எழுதலாம். தன் யோசனையும் கலந்திருக்கும் வீட்டை எவரும் இடிக்க மாட்டார். ஊர் கூடி இழுக்கும் தேருக்கு வடம் பிடிக்க ஆள் தேட வேண்டியதில்லை.

ஐந்தாவது, இதற்கென நிலையான ஆட்களும் பணமும் வேண்டும். கண்மாய் வெட்டினால் மட்டும் போதாது; ஆண்டுதோறும் தூர் வார வேண்டும் என்பது கரிசல்காட்டு உழவர் எல்லாரும் அறிந்ததே. தூர் வாராத களஞ்சியத்தில் பழுதான உறுப்புகள் சேரும்; பிறகு அவரவர் தமக்கெனத் தனிக் கிணறு தோண்டுவர்.

ஒருமை என்பது ஒடுக்குமுறையா?

'எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் கற்பனைக்கு இடமேது?' என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைத் தாங்க வேண்டுமானால் இன்ன பொருள், இன்ன முறை, இன்ன வட்டாரம் என்ற பொது இலக்கணத்துக்கு உட்பட வேண்டும். அதனால் கடைகளின் தனித்தன்மை அழிந்துவிட்டதா? ஒவ்வொரு கடைக்கும் தன் கைப்பக்குவம் உண்டு. தன் வாடிக்கையாளர் உண்டு. பொது இலக்கணம் போலியைத்தான் தடுக்கிறது, திறமையைத் தடுக்கவில்லை. பொத்தானின் வடிவத்தைப் பற்றி நாள்தோறும் வாதிடும் வேலை மிச்சமானால், அந்த நேரத்தில் கடன் விண்ணப்பத்தை எளிமையாக்குவது எப்படி என்று சிந்திக்கலாம் அன்றோ?

ஆயினும் இந்த ஐயத்தில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. பொது முறையை யார் வகுக்கிறார்களோ அவர்களுடைய மொழியும் கண்ணும் வாழ்க்கையுமே அதில் பொதுவாகிவிடும். ஆங்கிலத்தை மட்டும் மனத்தில் வைத்து ஒரு பொத்தானுக்கு அகலம் குறித்தால் என்ன ஆகும்? ஆங்கிலத்தில் 'சேவ்' என்பது நான்கே எழுத்து. தமிழில் 'சேமிக்கவும்' என்று எழுதினால் அது பொத்தானை விட்டு வெளியே வழியும்; அல்லது பாதியில் அறுந்து மூன்று புள்ளியாய் நிற்கும். வரியின் உயரத்தை ஆங்கில எழுத்துக்கு அளந்தால், தமிழ் மெய்யின் தலைப்புள்ளி வெட்டுப்படும். 'கூ', 'ழு' போன்றவற்றின் அடிப்பகுதி மறையும். புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகிவிடும், பொருளே கெடும். தனி ஒரு பக்கத்தில் இப்பிழை இருந்தால் ஒரு பக்கம் கெடும். பொது முறையில் இருந்தால் நிறுவனத்தின் ஆயிரம் பக்கமும் ஒரே நாளில் கெடும்.

ஆதலால் பொது முறை வேண்டாம் என்பது என் வாதம் அன்று. அதை வகுக்கும் மேசையில் தமிழ் அறிந்தவர் ஒருவர் உட்கார வேண்டும் என்பதே என் வாதம். கண் மங்கிய முதியவரையும், ஆங்கிலம் அறியாத தாயையும், பழைய கைப்பேசி வைத்திருக்கும் கூலியாளையும் நேரில் கண்டு வளர்ந்த ஒருவர் அங்கே இருக்க வேண்டும். அந்த ஒருவர் கிராமத்திலிருந்து அரசுக் கல்லூரிக்கு வந்து படித்த நம்மில் ஒருவராக ஏன் இருக்கக் கூடாது? கணினி பயில்வோர் தமிழை விலக்க வேண்டாம். தமிழ் பயில்வோர் கணினியை அஞ்ச வேண்டாம். இவ்விரு அறிவும் கூடும் இடத்தில் நமக்கென ஓர் இருக்கை காலியாக உள்ளது.

பயிற்சியை இப்போதே தொடங்கலாம். விடுப்பு விண்ணப்பம், நூலகப் படிவம், ஆய்வேட்டின் முகப்பு ஆகிய மூன்றுக்கும் எல்லாத் துறைக்கும் பொதுவான தமிழ் வடிவம் ஒன்றை மாணவர்களே வகுக்கட்டும். அலுவலக எழுத்தரையும் நூலகரையும் கேட்டுத் திருத்தட்டும். ஒரு துறையில் ஓராண்டு நடத்திப் பார்த்துவிட்டு மற்றத் துறைகளிடம் கொண்டு செல்லட்டும். பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால் இது கைகூடும். வடிவம் வகுப்பதற்கு ஒரு வாரம் போதும். எல்லாரையும் சம்மதிக்க வைக்க ஓராண்டு பிடிக்கும். அந்த ஓராண்டில் கற்பதை எந்தப் பெரிய நிறுவனமும் நமக்குச் சம்பளம் கொடுத்துக் கற்பிக்காது.